வெப்பச் சூழலில் வியர்த்தலும் உப்பிழப்பும்

வெப்பச் சூழலில் வியர்த்தலும் உப்பிழப்பும் என்பது, வெப்பம் மிகுந்த இடங்களில் உடலுழைப்பில் ஈடுபடுவோர் வியர்வை வழியாக நீரையும் உப்பையும் ஒருங்கே இழப்பதைக் குறிக்கும். கடும் வெப்பத்தில் மனித உடல் தன் உள்வெப்பநிலையைச் சுமார் 37 °செ அளவில் வைத்திருக்கப் பெரிதும் வியர்வையையே நம்பியுள்ளது. வியர்வை தூய நீர் அன்று. அது சோடியம் குளோரைடு எனும் சாதாரண உப்பு கலந்த கரைசல் ஆகும். ஆகவே இழந்த நீரை மட்டும் ஈடுசெய்து உப்பை ஈடுசெய்யாதபோது தசைப்பிடிப்பு, தளர்ச்சி, குருதியில் சோடியம் குறைதல் போன்றவை ஏற்படலாம். கட்டடத் தொழிலாளர், உழவர், உப்பளத் தொழிலாளர், செங்கற்சூளைத் தொழிலாளர், உலைக்களங்களில் பணிபுரிவோர், போக்குவரத்துக் காவலர் முதலியோர் இவ்விழப்புக்குக் கூடுதலாக உள்ளாகின்றனர்.

வியர்வைச் சுரப்பிகள்

மனிதத் தோலில் சுமார் 20 முதல் 40 இலட்சம் வரையிலான வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. இவற்றுள் உடலைக் குளிர்விப்பவை உடல் முழுதும் பரவியுள்ள சிறு சுரப்பிகளே ஆகும். அக்குள் போன்ற இடங்களில் உள்ள வேறு வகைச் சுரப்பிகளுக்கு இதில் பெரிய பங்கு இல்லை. மூளையின் கீழ்ப்பகுதியில் உள்ள ஐப்போத்தலாமசு உடலின் வெப்பநிலை உயர்வை உணர்ந்து, நரம்புகள் வழியாக இச்சுரப்பிகளைத் தூண்டுகிறது.

ஒவ்வொரு சுரப்பியும் இரு பகுதிகளைக் கொண்டது. தோலின் ஆழத்தில் சுருண்டு கிடக்கும் பகுதி முதனிலை நீர்மத்தைச் சுரக்கிறது. இந்நீர்மத்தின் உப்புச் செறிவு ஏறத்தாழக் குருதி நீர்மத்தின் செறிவை ஒத்தது. அது தோலின் மேற்பரப்பை நோக்கி நாளத்தில் செல்லும்போது, நாளச்சுவரில் உள்ள உயிரணுக்கள் சோடியத்தையும் குளோரைடையும் மீளுறிஞ்சிக் கொள்கின்றன. எஞ்சிய நீர்த்த கரைசலே வியர்வையாக வெளிவருகிறது. சிறுநீரகத்தின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பி வெளியிடும் ஆல்டோஸ்டீரோன் எனும் இயக்குநீர் (ஹார்மோன்) இம்மீளுறிஞ்சலை மிகுவிக்கிறது.

மீளுறிஞ்சலுக்கு ஓர் எல்லை உண்டு. வியர்வை மெதுவாகச் சுரக்கும்போது உப்பைத் திரும்பப் பெற நாளத்துக்குப் போதிய நேரம் கிடைக்கிறது. விரைந்து சுரக்கும்போது உப்பின் பெரும்பகுதி தப்பி வெளியேறுகிறது. எனவே கடும் உழைப்பில் வியர்வையின் அளவு மட்டுமன்றி, ஒவ்வொரு லிட்டரிலும் உள்ள உப்பின் அளவும் கூடுகிறது. உழைத்தவரின் சட்டை உலர்ந்தபின் முதுகிலும் அக்குளிலும் காணப்படும் வெண்ணிறக் கறை இவ்வாறு வெளியேறிய உப்பே ஆகும்.

ஆவியாதலும் குளிர்தலும்

ஒரு லிட்டர் வியர்வை தோலில் இருந்து முழுமையாக ஆவியானால் சுமார் 2,400 கிலோயூல் வெப்பம் உடலிலிருந்து நீங்குகிறது. கடின உழைப்பில் ஒருவரது உடல் ஏறத்தாழ 400 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது எனக் கொண்டால், அது ஒரு மணி நேரத்துக்கு 1,440 கிலோயூல் ஆகும். இவ்வெப்பத்தை நீக்க மணிக்கு 0.6 லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையான சுமார் 35 °செ அளவைத் தாண்டினால், சூழலில் இருந்தும் உடலுக்குள் வெப்பம் புகுவதால் தேவை மேலும் கூடும்.

ஆவியாகும் வியர்வை மட்டுமே உடலைக் குளிர்விக்கும். தரையில் சொட்டும் வியர்வையாலும் துண்டால் துடைத்தெடுக்கும் வியர்வையாலும் பயனில்லை. ஆனால் அவற்றிலுள்ள உப்பு உடலுக்கு இழப்பே. மேற்கூறிய எடுத்துக்காட்டில் சுரக்கும் வியர்வையில் மூன்றில் ஒரு பங்கு சொட்டி வீணானால், அதே குளிர்ச்சியைப் பெற 0.6 லிட்டருக்குப் பதிலாக 0.9 லிட்டர் சுரக்க வேண்டியிருக்கும். அதாவது உப்பிழப்பு குறைந்தது ஒன்றரை மடங்காகிறது.

கரையோர ஈரப்பதம்

வியர்வை ஆவியாகும் வேகம் காற்றின் வெப்பநிலையைவிட அதன் ஈரப்பதத்தையே பெரிதும் சார்ந்துள்ளது. இதற்குத் தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகள் நல்ல எடுத்துக்காட்டு ஆகும். தாம்பரம்–வேளச்சேரி சாலையில் அமைந்துள்ள செம்பாக்கம், வங்காள விரிகுடாவில் இருந்து ஏறத்தாழ 11 கி.மீ. தொலைவில் உள்ளது. முன்பு தனி நகராட்சியாக இருந்த இவ்வூர் 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. தாம்பரம், சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் ஆகிய பகுதிகளைப் போன்றே இங்கும் வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகியுள்ளன. அவற்றைக் கட்டும் கொத்தனார்களும் சித்தாள்களும் பிற மாநிலங்களில் இருந்து வந்த தொழிலாளர்களும் கத்திரி வெயிலிலும் திறந்தவெளியில் பணிபுரிகின்றனர்.

கோடையில் பிற்பகலில் வீசும் கடற்காற்று இப்பகுதியின் வெப்பநிலையைச் சற்றுக் குறைக்கிறது. ஆனால் ஈரத்தையும் உடன் கொண்டுவருகிறது. 35 °செ வெப்பநிலையில் உள்ள ஈரமான தோலின் மேல் நீராவி அழுத்தம் சுமார் 5.6 கிலோபாசுக்கல் ஆகும். 34 °செ வெப்பநிலையும் 65 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட கரையோரக் காற்றில் அது சுமார் 3.5 கிலோபாசுக்கல். 40 °செ வெப்பநிலையும் 25 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட உள்நாட்டுக் காற்றில் அது சுமார் 1.8 கிலோபாசுக்கல் மட்டுமே. ஆவியாதலைச் செலுத்துவது இவ்வழுத்த வேறுபாடாகும். அது கரையோரத்தில் 2.1 ஆகவும் உள்நாட்டில் 3.8 ஆகவும் உள்ளது. எனவே வெப்பமானி குறைவாகக் காட்டும் இடத்தில்தான் வியர்வை உலராமல் வழிந்தோடுகிறது. கரையோரத்தில் உழைப்பவர் மிகுதியாக வியர்த்தும் குறைவாகவே குளிர்கிறார்.

இக்காரணத்தால் பணியிட வெப்பத்தை அளக்க ஈரக்குமிழ்-உருண்டை வெப்பநிலை எனும் குறியீடு பயன்படுத்தப்படுகிறது. இது 1950களில் அமெரிக்கப் படைப்பயிற்சி முகாம்களில் நேர்ந்த வெப்பப் பாதிப்புகளைத் தடுக்க உருவாக்கப்பட்டது. வெயிலில் இதைக் கணக்கிடும்போது இயற்கை ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு 70 விழுக்காடும், கதிர்வீச்சை உணரும் கரிய உருண்டையின் வெப்பநிலைக்கு 20 விழுக்காடும், காற்றின் வெப்பநிலைக்கு 10 விழுக்காடும் மதிப்பு அளிக்கப்படுகிறது. பன்னாட்டுத் தர நிறுவனத்தின் 7243 எண் கொண்ட தரத்தின்படி, வெப்பத்துக்குப் பழகியவர் மிதமான உழைப்பில் ஈடுபட இக்குறியீட்டின் வரம்பு 28 °செ. பழகாதவருக்கு 26 °செ. கடின உழைப்புக்கு இவை முறையே 26 °செ, 23 °செ ஆகும்.

உப்பிழப்பின் அளவு

வியர்வையின் சோடியச் செறிவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகிறது. பொதுவாக அது லிட்டருக்கு 10 முதல் 90 மில்லிமோல் வரை காணப்படுகிறது. நாளொன்றுக்கு 6 லிட்டர் வியர்க்கும் இரு தொழிலாளர்களை எடுத்துக்கொண்டு கீழ்வருமாறு கணக்கிடலாம்:

- வெப்பத்துக்குப் பழகியவர்: லிட்டருக்கு 20 மில்லிமோல் சோடியம், அதாவது லிட்டருக்குச் சுமார் 1.2 கிராம் உப்பு. நாள் முழுவதும் இழப்பது சுமார் 7 கிராம்.
- வெப்பத்துக்குப் பழகாதவர்: லிட்டருக்கு 60 மில்லிமோல் சோடியம்; அதாவது லிட்டருக்குச் சுமார் 3.5 கிராம் உப்பு. நாள் முழுவதும் இழப்பது சுமார் 21 கிராம்.

உலக நலவாழ்வு அமைப்பு வளர்ந்தவர்களுக்குப் பரிந்துரைக்கும் உப்பின் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. இந்தியர்களின் வழக்கமான உட்கொள்ளல் இதைவிடக் கூடுதல். முதலாமவர் தம் இழப்பை மூன்று வேளை உணவிலிருந்தே ஏறத்தாழ ஈடுசெய்துவிடக்கூடும். இரண்டாமவருக்கு அது இயலாது.

வெப்பத்துக்குப் பழகுதல்

வெப்பத்தில் தொடர்ந்து உழைக்கும் உடல் 7 முதல் 14 நாட்களில் அச்சூழலுக்குப் பழகிக்கொள்கிறது. இக்காலத்தில் குருதி நீர்மத்தின் பருமன் கூடுகிறது. இதயத் துடிப்பு குறைகிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கி அளவிலும் மிகுகிறது. அதே வேளையில் ஆல்டோஸ்டீரோனின் செயலால் வியர்வையின் உப்புச் செறிவு குறைகிறது. பழகிய உடல் கூடுதலாக வியர்த்தாலும் உப்பைச் சிக்கனமாகச் செலவிடுகிறது எனலாம். சில வாரங்கள் வெப்பத்தில் இருந்து விலகியிருந்தால் இத்தகைமை மறைந்துவிடும்.

இதனால் பணியில் புதிதாகச் சேர்ந்தவரும், நோய் அல்லது ஊர்ப்பயணத்துக்குப் பின் திரும்பி வந்தவரும் மிகுந்த இடருக்கு உள்ளாகின்றனர். அமெரிக்காவில் பணியிட வெப்பத்தால் நேரும் இறப்புகளில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை பணியின் முதல் வாரத்திலேயே நேர்வதாக அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்பு அமைப்பு தெரிவிக்கிறது. அனுபவம் மிக்க மேற்பார்வையாளர் தமக்குத் தாங்கக்கூடிய வெப்பத்தைக் கொண்டு, நேற்று வந்து சேர்ந்தவரின் நிலையை மதிப்பிடுவது இக்காரணத்தால் தவறாகிவிடுகிறது.

ஆய்வு வரலாறு

உப்பிழப்பின் பங்கு முதலில் சுரங்கங்களிலேயே தெளிவாகியது. இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் மிகுதியாக வியர்த்து, மிகுதியாக நீர் அருந்திய தொழிலாளர்களுக்குக் கடும் தசைப்பிடிப்பு ஏற்பட்டது. இதை ஆராய்ந்த கென்னத் நெவில் மாசு 1923ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். உப்பை இழந்த உடலில் நீரை மட்டும் சேர்ப்பதே பிடிப்புக்குக் காரணம் என்றும், அருந்தும் நீரில் சிறிது உப்புச் சேர்ப்பது அதைத் தடுக்கும் என்றும் அவர் விளக்கினார். அமெரிக்காவில் ஊவர் அணை கட்டப்பட்டபோது 1931ஆம் ஆண்டின் கோடையில் வெப்பத்தால் பல தொழிலாளர்கள் இறந்தனர். அடுத்த ஆண்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் களைப்பு ஆய்வகத்தினர் அங்கு சென்று தொழிலாளர்களின் வியர்வையையும் குருதியையும் ஆராய்ந்தனர்.

தமிழர்களுடன் தொடர்புடைய ஆய்வுக்களம் கோலார் தங்கவயல் ஆகும். 1880களில் இருந்து நவீன முறையில் இயங்கிய இச்சுரங்கங்களில் வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களில் இருந்து சென்ற பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். 3 கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையின் வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் மிக உயர்ந்திருந்தன. நிலத்தடியில் தொழிலாளர்கள் வெப்பத்தால் மயங்கி விழுந்த நிகழ்வுகளை ஏ. கப்லான் ஆராய்ந்து 1944ஆம் ஆண்டு வெளியிட்டார். 1946ஆம் ஆண்டு அவரும் ஜே. கே. லிண்ட்சேயும் ஈரக்குமிழ் வெப்பநிலை உயர உயர வேலைத்திறன் குறைவதை அளந்து காட்டினர். இச்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டன.

தாகத்தின் போதாமை

உடலின் நீர்த்தேவையைத் தாகம் முழுமையாக அறிவிப்பதில்லை. தாகம் பெரும்பாலும் குருதியின் செறிவு உயர்வதால் தூண்டப்படுகிறது. உப்பிழந்த ஒருவர் வெறும் நீரை அருந்தும்போது குருதி விரைவில் நீர்த்துவிடுவதால், உடலின் மொத்த நீர்ப்பருமன் மீளும் முன்னரே தாகம் தணிந்துவிடுகிறது. அருந்திய நீரும் சிறுநீராக வெளியேறுகிறது. உப்பு உடன் சேரும்போதே நீர் உடலில் தங்குகிறது.

மறுபுறம், தாகத்தையும் மீறி அளவுக்கு மிஞ்சிய நீரை அருந்தினால் குருதியின் சோடியச் செறிவு அதன் இயல்பளவான லிட்டருக்கு 135–145 மில்லிமோலுக்குக் கீழே இறங்கக்கூடும். தலைவலி, குமட்டல், குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். கடும் நிலையில் மூளை வீங்கி வலிப்பும் இறப்பும் நேரலாம். குழப்பம், குமட்டல் போன்றவை வெப்பத் தளர்ச்சி, வெப்பத் தாக்கு ஆகியவற்றிலும் காணப்படுவதால், மேலும் மேலும் நீர் கொடுப்பது சில வேளைகளில் தீங்காக முடியும்.

நோய்நிலைகள்

- வேர்க்குரு: வியர்வை நாளங்கள் அடைபடுவதால் தோன்றும் அரிப்புடன் கூடிய சிறு கொப்புளங்கள். பரவலாக ஏற்பட்டால் அவ்விடங்களில் வியர்த்தல் குறைந்து உடல் குளிர்வதும் பாதிக்கப்படும்.
- வெப்பப் பிடிப்பு: கெண்டைக்கால், தொடை, வயிறு ஆகிய இடங்களில் தசைகள் வலியுடன் இறுகுதல். பெரும்பாலும் பணியின் இறுதியிலோ பணி முடிந்த பின்னரோ ஏற்படும். உப்பிழப்புடன் தசைக்களைப்பும் இதற்குக் காரணமாகலாம்.
- வெப்பத் தளர்ச்சி: நீரும் உப்பும் குறைவதால் ஏற்படும் சோர்வு, தலைச்சுற்றல், குமட்டல், மிகுந்த வியர்வை. நிழலில் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி, உப்புக் கலந்த நீர்மம் கொடுக்க வேண்டும்.
- வெப்பத் தாக்கு: உடலின் உள்வெப்பநிலை 40 °செ அளவைத் தாண்டி, பிதற்றல், நினைவிழத்தல் போன்றவை ஏற்படும் உயிராபத்தான நிலை. வியர்வை நின்றுவிடுவதே இதன் அடையாளம் எனக் கருதப்படுவதுண்டு. ஆனால் உழைப்பினால் ஏற்படும் வெப்பத் தாக்கில் வியர்வை தொடர்ந்து வழியலாம். 108 எண்ணை அழைத்துவிட்டு, ஊர்தி வரும்வரை காத்திராமல் உடல் முழுதும் நீர் ஊற்றியும் விசிறியும் குளிர்விக்க வேண்டும். நினைவில்லாதவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது.

உப்பளத் தொழிலாளர்

தூத்துக்குடி, வேதாரணியம், மரக்காணம் ஆகிய இடங்களின் உப்பளங்களில் பணிபுரிவோர் நாள்தோறும் உப்பைக் கையாண்டும் தம் உடலின் உப்பை இழக்கின்றனர். பாத்திகளில் இருந்து எதிரொளிக்கும் வெயில் இவர்களது வெப்பச்சுமையைக் கூட்டுகிறது. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர், தமிழ்நாட்டின் 7 உப்பளங்களைச் சேர்ந்த 352 தொழிலாளர்களை 2017 முதல் 2020 வரை ஆராய்ந்தனர். 2023ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வின்படி, ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் பணிபுரிந்தனர். 7 விழுக்காட்டினரின் சிறுநீரக வடிகட்டு வீதம் குறைந்து காணப்பட்டது. நீரிழப்பு அடிக்கடி நேர்ந்தால் சிறுநீரகங்களுக்குச் செல்லும் குருதி குறைந்து அவை நாளடைவில் பழுதுறக்கூடும் என்பதால் இத்தகைய ஆய்வுகள் முதன்மை பெறுகின்றன.

பணியிடத்தில் கழிப்பறை இல்லாமை இச்சிக்கலுடன் நெருங்கிய தொடர்புடையது. உப்பளங்களிலும் சிறு கட்டுமானப் பணியிடங்களிலும் மறைவிடம் இல்லாத பெண்கள், சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும் என்பதற்காக நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். குடிநீர்க் குடம் நிறைந்திருந்தும் இவர்களுக்கு நீரிழப்பு ஏற்படுவதற்கு இதுவே காரணம்.

ஈடுசெய்யும் உணவும் பானமும்

தமிழ்நாட்டின் மரபான கோடை உணவுகள் பலவற்றில் நீரும் உப்பும் சேர்ந்தே உள்ளன. உப்பும் மோரும் சேர்த்த பழைய சோறு, நீராகாரம், கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ், ஊறுகாய், மோர்மிளகாய் ஆகியவை இத்தகையன. காலை உணவைத் தவிர்த்துத் தேநீருடன் பணியைத் தொடங்குபவர் நீரை மட்டுமன்றி ஒரு வேளைக்குரிய உப்பையும் இழக்கிறார்.

- நீர்மோர், உப்பிட்ட எலுமிச்சைச் சாறு: ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி (சுமார் 3 கிராம்) உப்புச் சேர்த்தால் சோடியச் செறிவு ஏறத்தாழ 50 மில்லிமோல் ஆகும். இது வியர்வையின் செறிவுக்கு அண்மையானது. சென்னைப் போக்குவரத்துக் காவலர்களுக்குக் கோடையில் இப்பானங்கள் வழங்கப்படுவது வழக்கம்.
- இளநீர்: பொட்டாசியம் மிகுந்தது, சோடியம் குறைந்தது. ஆகவே நீரிழப்பைத் தணித்தாலும் உப்பிழப்பை இது மட்டும் ஈடுசெய்யாது. நுங்கு, தர்பூசணி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.
- வாய்வழி நீரேற்றக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.): உலக நலவாழ்வு அமைப்பின் 2002ஆம் ஆண்டு வாய்பாட்டின்படி ஒரு லிட்டரில் 75 மில்லிமோல் சோடியமும் 75 மில்லிமோல் குளுக்கோசும் உள்ளன. குடற்சுவரில் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்தே உறிஞ்சப்படுவதால் நீரும் விரைந்து உட்செல்கிறது. சர்க்கரை மிகுந்த பானங்கள் இப்பெயரில் விற்கப்படுவதை இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2025ஆம் ஆண்டு தடைசெய்தது.
- உப்பு மாத்திரை: முற்காலத்தில் தொழிற்சாலைகளில் வழங்கப்பட்டது. வயிற்றைப் புண்படுத்துவதாலும், போதிய நீரின்றி விழுங்கினால் நீரிழப்பைக் கடுமையாக்குவதாலும் இது தற்போது பரிந்துரைக்கப்படுவதில்லை.

உயர் குருதியழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரின் அறிவுரைப்படியே உப்பைக் கூட்ட வேண்டும். வியர்க்காத நாட்களில் கூடுதல் உப்பு எவருக்கும் தேவையில்லை.

பணியிட நடைமுறைகள்

வெப்பத்தில் உழைக்கும்போது 15–20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குவளை (சுமார் 240 மி.லி.) நீர் அருந்துவதும், மணிக்கு 1.4 லிட்டருக்கு மேல் அருந்தாமல் இருப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன. பல மணி நேரம் வியர்க்கும் பணியில் இடையிடையே உப்புக் கலந்த பானமும் உணவும் தேவை. புதியவருக்கு முதல் நாளில் முழுப் பணியில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் அளித்து, ஒவ்வொரு நாளும் மேலும் ஒரு பங்கு கூட்டும் முறை பின்பற்றப்படுகிறது. கான்கிரீட் போடுதல், தலைச்சுமை தூக்குதல் போன்றவற்றை அதிகாலைக்கு மாற்றுதல், நிழற்பந்தல் அமைத்தல், தனியாக எவரையும் பணிக்கு விடாதிருத்தல் ஆகியவையும் பயன் தரும். அடர்மஞ்சள் நிறச் சிறுநீர் நீரிழப்பைக் காட்டும் எளிய அறிகுறி ஆகும்.

சட்டமும் அரசு நடவடிக்கைகளும்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 250 தொழிலாளர்களுக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலைகளில் கோடைக்காலத்தில் குளிர்ந்த குடிநீர் வழங்க வேண்டும் எனக் கூறியது. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், பணியிடங்களில் குடிநீரும் கழிப்பறையும் அமைக்கப்பட வேண்டும் என வலியுறுத்தியது. ஆயினும் பத்துக்கும் குறைவான தொழிலாளர்களைக் கொண்ட பணியிடங்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை. புறநகர்களில் தனிவீடு கட்டும் இடங்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. இவ்விரு சட்டங்களும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பில் இணைக்கப்பட்டன.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இதன்படி வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிதியுதவி வழங்கப்படும். கரையோரப் பகுதிகளில் வெப்பநிலை 37 °செ அளவை எட்டி, இயல்பைவிடக் குறைந்தது 4.5 °செ கூடுதலாக இருக்கும்போது வெப்ப அலை எனக் கருதப்படுகிறது. இவ்வரையறை காற்றின் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே வெப்ப அலை அறிவிக்கப்படாத, புழுக்கம் மிகுந்த நாட்களிலும் கரையோரத்தில் உழைப்போரின் நீரிழப்பும் உப்பிழப்பும் கடுமையாக இருக்கக்கூடும்.